பெரியம்மாவுக்குப் போட்ட தரை

டைல்ஸ் மேஸ்திரி இந்த உலகத்தில் முழுசாக நம்பியது இரண்டைத்தான். ஒன்று ரசமட்டம், இன்னொன்று தன் கண். மனைவி சொல்வதையும் நம்புவார், முதல் இரண்டும் சரி என்று சொன்ன பிறகு.

ரசமட்டம் என்பது ஒரு முழ நீளக் கட்டை. நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. கட்டையைத் தரையில் வைத்தால் குமிழி நடுவில் வந்து நிற்க வேண்டும். மேஸ்திரி போட்ட தரையில் அது நடுவில் வந்து நிற்காது, குடியே இருக்கும். முப்பது வருடத்தில் அவர் போட்ட தரையைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. அவரோடு அரை மணி நேரம் பேசிய பிறகு குறை சொல்லும் தெம்பு யாருக்கும் மிஞ்சியதில்லை என்பதும் ஒரு காரணம்.

சொந்த வீட்டுத் தரையைப் பதினொரு வருடம் முன்னால், வந்த வேலையையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, நாற்பது நாள் உட்கார்ந்து போட்டார். வெள்ளை டைல்ஸ். குனிந்து பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி, வாசலில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டைல்ஸுக்கு நடுவில் ஓடும் கோட்டைக் கடைசிச் சுவர் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இதனால் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள்.

அந்த வீட்டில் குளியலறையில் மட்டும்தான் சச்சரவு. குளியலறைத் தரை தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்துச் சற்றே சரிந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேஸ்திரிக்கு மனசு வரவில்லை. தெரிந்தே ஒரு தரையைக் கோணலாகப் போடுவது அவருக்குப் பொய்ச் சாட்சி சொல்வது மாதிரி இருந்தது. ஆகவே அங்கே தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நியாயமாக நடுவில் நின்றது. யார் குளித்தாலும் கடைசியில் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மனைவியின் அண்ணன் ஒரு பிளம்பர். அவர் இதைத் தானும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் பூனை வந்தது.

மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. வாங்கியவர்களுக்குப் பொருந்தாத உடுப்பைப் பிரித்து, மடித்து, அளவாக்கிக் கொடுப்பாள். விலங்குக் காப்பகத்தில் கூண்டுகளுக்கு உறை தைத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள் என்று கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள், அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனை தன் முன்னால் மூன்று தடவை விழுந்து, மூன்று தடவையும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நின்றதைப் பார்த்தாள். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"அளவு சரியில்லன்னு எல்லாத்தையும் தூக்கிப் போட்டா, எனக்கு வேலையே கிடையாதுங்க," என்று சொன்னாள்.

காப்பகத்து டாக்டரம்மா பூனையின் நிலைமையை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நிபந்தனையும் இருந்தது. பதினைந்தாம் நாள் அவரே வீட்டுக்கு வருவார். பூனை தானாக நடந்து தன் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். மேஸ்திரி அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. வெள்ளைத் தரையில் சாம்பல் முடி தெரியுமா என்று மட்டும் கேட்டார். காகிதம் ஃபிரிட்ஜ் மேல் போயிற்று.

கூடத்தில் இறக்கிவிட்டதும் பூனை நான்கு காலையும் நான்கு திசைக்கு அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. தலை இடமும் வலமுமாக ஆடியது, எதைக் காட்டினாலும் "இது சரியில்ல" என்று தலையசைக்கும் பெரியம்மா ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் இருப்பாளே, அந்த மாதிரி. மனைவி அந்த நிமிடமே பெரியம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். பெரியம்மா நான்கு அடி எடுத்து வைத்தார், இடது பக்கம் சாய்ந்தார், சமாளிக்கப் பார்த்து வலது பக்கம் விழுந்தார்.

"அதுக்கு அப்படித்தாங்க," என்றாள் மனைவி.

மேஸ்திரி பூனையைப் பார்க்கவில்லை. பூனை விழுந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"எந்த இடத்துல கால் இடறுச்சு, கவனிச்சியா?"

"தரைக்கு ஒண்ணுமில்லங்க. பூனைக்குத்தான்."

"பூனை எதுக்கு விழப்போகுது? மரத்துல நடக்கிற ஜீவன் அது."

ரசமட்டம் வந்தது. குமிழி நடுவில் நின்றது. மேஸ்திரிக்கு முதல் தடவையாக ரசமட்டத்தின் மேல் சந்தேகம் வந்தது. தெருமுனையில் வேலை செய்த கொத்தனாரிடம் இன்னொன்று கடன் வாங்கி வந்தார். அதிலும் குமிழி நடுவில் நின்றது. இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்று நினைத்தார்.

மறுநாள் பிளம்பர் வந்தார். வாசலில் குனிந்து ஒரு கண்ணை மூடிக் கோட்டைப் பார்க்கும் சடங்கில் இருந்தபோது, அதே கோட்டின் மேல் பெரியம்மா நடந்து வந்து, கோட்டை விட்டு விலகி, அவர் மூக்குக்கு நேரே மல்லாந்தார். பதினொரு வருடம் காத்திருந்த மனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். அவர் நிமிரக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நமக்கு ரெண்டு கால். ஏமாந்துடுவோம். அது நாலு காலையும் கீழே வச்சு நடக்குது. அதை ஏமாத்த முடியாது."

"தரை சரியா இருக்கு மச்சான்."

"சரியா இருக்குன்னு பெரியம்மா சொல்லட்டும்."

பெரியம்மா எழுந்து உட்கார்ந்து, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. பெரியம்மா விழும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, உள்ளே தேதி எழுதினார். நாலாம் நாள் முடிவில் கூடத்தில் நாற்பத்து மூன்று வட்டங்கள். மனைவி ஒரு பாயைப் போட்டுப் பார்த்தாள். பாய் அந்தப் பளபளப்பில் வழுக்கி, பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சேர்ந்தது. வழுக்காத கனத்த கம்பளம் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். பெரியம்மா அதைக் கழிப்பறை என்று எடுத்துக்கொண்டார். அதோடு கம்பளக் கதை முடிந்தது.

மேஸ்திரிக்கும் மூடி மறைப்பதில் சம்மதம் இல்லை. "தப்பு இருந்தா தோண்டிப் பார்க்கணும்," என்று, ஐந்தாம் நாள் வட்டங்கள் அதிகமாக இருந்த இடத்தில், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில், நான்கு டைல்ஸை வரிசையாக உளியால் பெயர்த்தார். அடியில் பதினொரு வருடப் பழைய சாந்து, அவர் போட்ட அன்று இருந்த மாதிரியே, சீராக, குற்றமில்லாமல் இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு அழுகை வந்தது. மனைவி அடுப்படியில் இருந்தபடி, "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்றாள். வேறு ஒரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. சொந்த வீட்டுத் தரையே இப்படி என்றால், முப்பது வருடமாக ஊர் முழுக்கப் போட்டு வைத்திருப்பது?

ஆறாம் நாள் காலையில் சாந்து பூசும் கரணையையும் ரப்பர் சுத்தியலையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, சாமான் பைக்குள் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் பெரியம்மாவை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பல் டாக்டர் வீடு. முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "தரை எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன். நான் போட்டது," என்றார்.

"பூனை எதுக்கு?"

"அதுதான் பார்க்கும்."

பெரியம்மா பார்த்தார். ஐந்தாவது அடியில் விழுந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் வலியை மறந்து எழுந்து நின்றார்.

அடுத்து வங்கி. அங்கே பெரியம்மா மூன்றடிக்குள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். காவலாளி கிட்டே வந்து, "குடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"குடிக்கல. தரை சரியில்ல. வெளியே சொல்லிடாதீங்க," என்றார் மேஸ்திரி.

பள்ளிக்கூடத் தாழ்வாரம், மருந்துக்கடை, புகைப்பட ஸ்டுடியோ. எல்லாவற்றிலும் பெரியம்மா விழுந்தார். எட்டாம் நாள், மேஸ்திரிக்கு ஆகவே ஆகாத இன்னொரு டைல்ஸ்காரர் போட்ட தரையிலும் இறக்கிப் பார்த்தார். பெரியம்மா அங்கேயும் விழுந்தார். மேஸ்திரிக்கு ஒரு நிமிடம் உள்ளம் குளிர்ந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் ஒன்று பூனையிடம் கோளாறு இருக்க வேண்டும், அல்லது ஊரில் உள்ள அத்தனை தரையும் கோணலாக இருக்க வேண்டும். ஊரே கோணல் என்று முடிவு செய்தார். அவருக்கு அது சுலபமாக இருந்தது.

திரும்பும் வழியில் மருந்துக்கடைப் படியில் களைத்துப்போய் உட்கார்ந்தார். பெரியம்மா பையிலிருந்து தலையை நீட்டி, இரண்டு தடவை குறி தவறி, மூன்றாவது தடவை அவர் முழங்காலில் மோவாயைப் பதித்துத் தூங்கிப்போனார். தூக்கத்தில் அந்தத் தலை ஆடவில்லை. அசையாமல் கிடந்தது. ஒரு மணி நேரம் மேஸ்திரியும் அசையவில்லை. முழங்கால் மரத்துப் போனது தெரிந்தும் காலை மாற்றவில்லை. இத்தனை இடத்தில் விழுந்தும் இந்த ஜென்மம் ஒரு தடவைகூட நடக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே என்று நினைத்தார்.

ஒன்பதாம் நாள் காப்பகத்துக்குப் போனார். டாக்டரம்மாவின் அறையிலும் பெரியம்மாவை இறக்கிவிட்டார், பெரியம்மா விழுந்தார்.

"உங்க தரையும் சரியில்லம்மா," என்றார் மேஸ்திரி வருத்தத்தோடு.

டாக்டரம்மா அவரை உட்கார வைத்தார். "நான் எழுதிக் கொடுத்ததைப் படிச்சீங்களா? மூளைக்குப் பின்பக்கம் சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு. எந்தக் காலை எப்போ, எவ்வளவு தூரம் வைக்கணும்னு அதுதான் கணக்குப் பார்க்கும். இதுக்குப் பிறவியிலேயே அது சரியா வளரல. வலி கிடையாது. இனிமே கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மத்த பூனை மாதிரியே முழு ஆயுசும் இருக்கும். ஆடிக்கிட்டே இருக்கும்."

"அப்போ தரையில கோளாறு இல்லையா?"

"தரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதை எழுதித் தருவீங்களா?"

டாக்டரம்மா இருபது வருட வேலையில் எத்தனையோ சான்றிதழ் கொடுத்தவர். இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. ஆனாலும் வந்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு, இன்ன பூனை விழுவது தரையின் மட்டக் குறைவால் அல்ல என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். மேஸ்திரி அதை நேரே பிளம்பரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிளம்பர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "குளியலறையைப் பத்தி இதுல ஒண்ணும் எழுதலையே," என்றார்.

பத்தாம் நாள் மேஸ்திரி நிம்மதியாகக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர் மூலையிலிருந்து பெரியம்மா சமையலறை வாசலில் இருந்த கிண்ணத்தைப் பார்த்துக் கிளம்பினார். வழுக்கும் வெள்ளைத் தரையில் வழக்கம்போல நான்கு காலும் நான்கு பக்கம் ஓடின, விழுந்தார், எழுந்தார், விழுந்தார். அப்படியே டைல்ஸ் பெயர்த்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். சொரசொரத்த சாந்தில் நகம் பதிந்தது. ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. உடம்பு முழுக்க ஆடியது, தலை வேண்டாம் வேண்டாம் என்றது, ஆனால் கால் நின்றது. நான்கு டைல்ஸ் நீளத்தையும் விழாமல் கடந்தார். அதற்கப்பால் பளபளப்பு தொடங்கிய இடத்தில் மறுபடி விழுந்தார்.

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மாவைத் தூக்கி வந்து சாந்தின் தொடக்கத்தில் விட்டார். பெரியம்மா நடந்தார். மறுபடி விட்டார். மறுபடி நடந்தார். ஏழு தடவை. எட்டாவது தடவை பெரியம்மா அவர் கட்டை விரலைக் கடித்தார்.

தரையின் மட்டத்தில் குற்றமில்லை. அது சான்றிதழோடு நிரூபணம் ஆகிவிட்டது. குற்றம் பளபளப்பில் இருந்தது. ஊர் முழுக்க அவர் பெயரைச் சொன்ன பளபளப்பு. இதை மேஸ்திரி யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாப்பிடும்போது மனைவிதான் பேச்சை எடுத்தாள்.

"டாக்டரம்மா போன் பண்ணாங்க. கிண்ணம் வரைக்கும் நடக்குதான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். கொடுத்துடலாம்ங்க. பாவம், நம்ம வீட்டுல அடிபட்டுக்கிட்டே இருக்கு. வேற ஒரு வீடு தயாரா இருக்காம்."

"யாரு வீடு? அங்க தரை யார் போட்டது?"

"இப்ப அதுவா முக்கியம்?"

மேஸ்திரி தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பத்து நாள் முன்னால் இதே வார்த்தைக்காகக் காத்திருந்தவர்தான். இப்போதோ, அந்த ஆடுகிற தலை இனி இந்தக் கூடத்தில் இருக்காது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. நாற்பது நாள் முதுகு ஒடியப் போட்ட தரை ஒரு பக்கம், பன்னிரண்டு நாளாக விழுந்துகொண்டே இருக்கும் ஒரு பூனை இன்னொரு பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எந்தப் புத்தியுள்ளவனும் கேட்பான். மேஸ்திரி யோசிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய் உளியை எடுத்து வந்தார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் உளிச் சத்தம் ஓயவில்லை. பெரியம்மாவைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்திருந்தார்கள். முதல் டைல்ஸ் உடைந்தபோது மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார், பத்தாவதுக்கு மேல் மூடவில்லை. பிளம்பர் வந்து எட்டிப் பார்த்தார்.

"கடைசியில ஒத்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை?"

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். பிளம்பர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மறுபேச்சில்லாமல் உடைந்த துண்டுகளைச் சாக்கில் அள்ள ஆரம்பித்தார். பள்ளம் விழுந்த இடங்களை மேஸ்திரி கலவை போட்டு நிரப்பி, ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் கீறிவிட்டார். ஒரு கோடு போன வழியில் அடுத்த கோடு போகவில்லை. மனைவி ஓரங்களில் நீட்டிக்கொண்டிருந்த டைல்ஸ் முனைகளைத் தடவித் தடவிப் பார்த்து, குத்தும் இடத்தையெல்லாம் காட்டிக் கொடுத்தாள்.

பதினைந்தாம் நாள் காலையில் டாக்டரம்மா படிவத்தோடு வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார், தெருவைப் பார்த்தார், வீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி உள்ளே பார்த்தார். சாம்பல் நிறத்தில் கூடம் முழுக்கச் சொரசொரவென்று, உழுது போட்ட மாதிரி கிடந்தது.

"வீட்டுல கட்டட வேலை நடக்குதா?" என்று கேட்டார். "படிவத்துல கேட்டிருக்கு. வேலை நடக்கிற வீட்டுல பூனையை விடமுடியாதுங்க. தூசி, உளி, திறந்து கிடக்கிற கதவு. எப்போ முடியும்னு சொல்லுங்க, அதுவரைக்கும் நான் எடுத்துட்டுப் போறேன். இல்லைன்னா அந்த இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துடலாம்."

மனைவி மேஸ்திரியைப் பார்த்தாள். நடக்கிறது என்று சொன்னால் மானம் மிஞ்சும், மேலே நல்ல தரை வரப்போகிறது என்று அர்த்தம். பூனை போய்விடும்.

"வேலை முடிஞ்சிருச்சும்மா," என்றார் மேஸ்திரி.

"முடிஞ்சிருச்சா? இதுவா தரை?"

"இதுதான்."

"யார் போட்டது?"

மேஸ்திரி வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து பிளம்பர் முன்னே வந்தார். "நான் போட்டதுங்க," என்றார். "எனக்கு இது தொழில் இல்ல. குழாய் வேலைதான் தெரியும். கை போன போக்குல போட்டுட்டேன். அப்போ மாப்பிள்ளை ஊர்ல இல்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பதினொரு வருடமாக ஒரு வாளித் தண்ணீருக்காகத் தன்னைக் குத்திக்கொண்டிருந்த மனிதர், மாப்பிள்ளையின் பெயருக்கு அழுக்கு வரக்கூடாது என்று இப்படிப் பச்சையாகப் பொய் சொல்வார் என்று மேஸ்திரி கனவிலும் நினைத்ததில்லை. மச்சான் தோளில் கையை வைத்து மெதுவாக ஒதுக்கினார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் போட்டது. முப்பது வருஷமா இதான் என் தொழில்."

மனைவி படுக்கையறைக் கதவைத் திறந்தாள். பெரியம்மா வெளியே வந்து, புதுத் தரையை மோந்து பார்த்தார். சரியில்லை என்று தலையை ஆட்டினார். பிறகு நடந்தார். குடை சாயப்போகிற வண்டி மாதிரி இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார், நடுவில் ஓரிடத்தில் பின்பக்கம் ஒரு வழியும் முன்பக்கம் ஒரு வழியும் போகப் பார்த்தது. அங்கே நால்வரும் மூச்சை நிறுத்தினார்கள். நகம் பற்றிக்கொண்டது. கூடத்தின் இந்த மூலையிலிருந்து சமையலறை வாசல் வரைக்கும் விழாமல் போய், மூன்று தடவை குறி தவறி, நான்காவது தடவை கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தார்.

டாக்டரம்மா படிவத்தை விரித்தார். பேனாவைத் திறந்தார்.

"தரை எப்படின்னு ஒரு வரி எழுதணும். என்னன்னு போடட்டும்?"

"கரடுமுரடுன்னு போடுங்கம்மா," என்றார் மேஸ்திரி. "கீழே, போட்டவர்னு என் பேரையும் எழுதிக்குங்க."

டாக்டரம்மா எழுதினார். மேஸ்திரி படிவத்தை வாங்கி ஒரு முறை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.